தொட்டியை மறந்த கதைகள்

"பாகு வெள்ளத்தில் 21 பேர் மாண்டார்கள் என்றால் நம்புவீர்களா?" இப்படித் தொடங்கும் துணுக்குச் செய்தியை நீங்கள் எங்கேனும் படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1919ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் நடந்த விபத்து அது. கரும்புக் கழிவுப்பாகு (நம் சர்க்கரை ஆலைகளில் மொலாசஸ் என்பார்களே, அதுதான்) ஏறத்தாழ 87 இலட்சம் லிட்டர் தேக்கிவைத்திருந்த எஃகுத் தொட்டி ஒன்று திடீரெனப் பிளந்தது. ஏழெட்டு மீட்டர் உயரத்துக்கு எழுந்த அலை கமர்ஷியல் தெருவில் புகுந்தது. அருகிலிருந்த தீயணைப்பு நிலையம் சரிந்தது. உயர்பாலத்தில் ஓடிய ரயில்பாதையின் இரும்புத் தூண் வளைந்தது. 21 பேர் இறந்தனர். 150 பேர் காயமுற்றனர்.

துணுக்கு இத்துடன் முடிந்துவிடும். "அட, பாகிலா!" என்று வியந்துவிட்டு நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். இந்த வியப்புதான் உறுத்துகிறது. பாகு என்ற சொல்லை எடுத்துவிட்டு எண்ணெய் என்றோ, தண்ணீர் என்றோ போட்டுப் பாருங்கள். வியப்பு மறைந்து, கேட்க வேண்டிய கேள்வி முன்னால் வந்து நிற்கும்: தொட்டி ஏன் உடைந்தது?

பெட்ரோலியக் கிடங்குகளின் மதிலுக்கு மேலே வெள்ளை வண்ணம் பூசிய பெரும் உருளைகள் நிற்பதை நீங்கள் பேருந்திலிருந்தே பார்த்திருக்கலாம். பாலங்களைப் பற்றியும் அணைகளைப் பற்றியும் பொதுமக்களுக்கு நூல்கள் உண்டு. இந்த உருளைகளைப் பற்றி அநேகமாக ஒன்றும் இல்லை. ஆகையால்தான் ஸ்டீபன் புலியோ 2003இல் வெளியிட்ட 'டார்க் டைட்' என்னும் ஆங்கில நூலை அக்கறையுடன் எடுத்து நோக்க வேண்டியிருக்கிறது. 'இருண்ட அலை' என்பது அதன் தலைப்பின் பொருள். பாஸ்டன் விபத்தைப் பற்றி இன்று சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி இந்நூலிலிருந்தே வருகிறது.

நூலின் வலிமை

புலியோ செய்தித்தாளில் பணியாற்றியவர். விபத்துக்குப் பின் நடந்த நீண்ட விசாரணையின் பதிவேடுகளை, ஆயிரக்கணக்கான பக்கங்களை, பொறுமையாகப் படித்து அவற்றிலிருந்து கதையைக் கட்டியிருக்கிறார். துணுக்குகளில் வெறும் எண்ணாக நிற்கும் இறந்தவர்கள் இங்கே பெயரும் தொழிலும் குடும்பமும் உடையவர்களாக வருகிறார்கள். பெரும்பாலோர் அத்துறைமுகப் பகுதியில் வாழ்ந்த ஏழை இத்தாலியக் குடியேறிகள், ஐரிஷ் தொழிலாளர்கள். அவ்வளவு பெரிய தொட்டியை அவர்களுடைய வீடுகளுக்கு நடுவே எழுப்பியபோது அவர்களைக் கேட்டவர் எவருமில்லை என்பதை நூலாசிரியர் உரக்கச் சொல்லாமலே உணர்த்துகிறார்.

தொட்டி 1915இன் இறுதியில் கட்டி முடிக்கப்பட்டது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். வெடிமருந்துக்குச் சாராயம் வேண்டும், சாராயத்துக்குப் பாகு வேண்டும். கியூபாவிலிருந்து பாகுக் கப்பல் வந்துசேர நாள் குறித்தாயிற்று. தொட்டியோ முடிந்தபாடில்லை. கட்டுமானத்தை மேற்பார்த்த ஆர்தர் ஜெல் என்பவர் கம்பெனியின் பொருளாளர். பொறியியல் படித்தவர் அல்லர். வரைபடத்தைப் படிக்கத் தெரியாது என்று அவரே பின்னாளில் விசாரணையில் ஒப்புக்கொண்டார். தொட்டி முழுவதும் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பதற்கு நாளும் இல்லை, செலவிட மனமும் இல்லை. ஆறே அங்குலம் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். அடித்தட்டில் ஒழுக்கு இல்லை. சோதனை முடிந்தது!

அதன் பிறகு தொட்டி ஒழுகத் தொடங்கியது. தகடுகளின் இணைப்புகளில் பாகு கசிந்து வழிந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தகரக் குவளைகளில் அதைப் பிடித்துச் சென்றனர். தொட்டியைக் கவனித்துவந்த ஐசக் கொன்சாலஸ் என்ற தொழிலாளி அஞ்சி, தகட்டிலிருந்து உதிர்ந்த செதில்களைப் பொருளாளரின் மேசைக்கே கொண்டுபோய்க் காட்டினார். கம்பெனி தொட்டியின் நிறத்தை மாற்றியது. சாம்பல் நிறமாக இருந்ததற்குப் பழுப்பு வண்ணம் பூசினார்கள்; வழியும் பாகு கண்ணுக்குத் தெரியாது அல்லவா!

விசாரணையை விவரிக்கும் அத்தியாயங்களே நூலின் சிறந்த பகுதி. அராஜகவாதிகள் குண்டு வைத்துவிட்டார்கள் என்பது கம்பெனியின் வாதம். அந்த ஆண்டுகளில் குண்டுவெடிப்புகள் உண்மையிலேயே நடந்துவந்ததால் அதைப் பலரும் நம்பியிருக்கக்கூடும். விசாரணை அதிகாரி ஹியூ ஆக்டன் நம்பவில்லை. தொட்டியே வலுவற்றது என்று 1925இல் தீர்ப்பளித்தார். அராஜகவாதிகளைப் பற்றிய பக்கங்கள் சற்று மிகை என்று எனக்குத் தோன்றியது. அவற்றில் பாதியைத் தகடுகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

குறையும் அங்கேதான். நூலை மூடும்போது ஜெல்லின் முகம் நம் மனத்தில் நன்றாகப் பதிந்திருக்கிறது. தொட்டி பதியவில்லை. பேராசைக்காரக் கம்பெனி, அறியாமை மிக்க பொருளாளர், செய்யப்படாத தண்ணீர்ச் சோதனை: இம்மூன்றும் சேர்ந்து உயிர்களைக் குடித்தன, அந்தச் சோதனையை மட்டும் செய்திருந்தால் எல்லாம் நன்றாயிருந்திருக்கும். படிப்பவர் இந்த முடிவுக்குத்தான் வருவார். நூலைத் தழுவி எழுதப்பட்ட கட்டுரைகள் பலவும் இப்படித்தான் முடிகின்றன. இது சரிதானா? பள்ளிக் கணக்கே போதும், பார்த்துவிடலாம்.

நூலில் இல்லாத கணக்கு

மரப்பீப்பாயைச் சுற்றி இரும்பு வளையம் போட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே இருக்கும் நீர்மம் பலகைகளை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. வளையம் இழுபட்டு அதைத் தாங்குகிறது. எஃகுத் தொட்டியில் பலகையும் வளையமும் ஒன்றே. சுவரில் 1 செ.மீ. உயரமுள்ள ஒரு பட்டையை மட்டும் மனத்தில் தனியே பிரித்தெடுத்துக்கொள்ளுங்கள். அந்த வளையத்தின் இழுவிசை, அவ்விடத்து அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கக் கிடைக்கும். விட்டம் இரட்டித்தால் இழுவிசையும் இரட்டிக்கும். ஆகவே வீட்டு மாடியில் இருக்கும் சிறு தொட்டிக்குத் தகரம் போதும், பெருந்தொட்டிக்கு விரல் தடிப்புள்ள தகடு வேண்டும்.

பாஸ்டன் தொட்டியின் உயரம் 15 மீட்டர், ஆரம் 13.7 மீட்டர், அதாவது 1,370 செ.மீ. பாகு தண்ணீரைப்போல் 1.4 மடங்கு அடர்த்தி உடையது. எனவே அடியில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2.1 கிலோகிராம். ஆரத்தால் பெருக்கினால், 1 செ.மீ. பட்டைக்கு ஏறத்தாழ 2,880 கிலோகிராம் இழுவிசை. கீழ்வரிசைத் தகட்டின் தடிப்பு 1.7 செ.மீ. தான், வரைபடத்தில் காட்டியதைவிடச் சற்றுக் குறைவு. வகுத்துப் பாருங்கள். சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1,700 கிலோகிராம் தகைவு வருகிறது.

இத்துடன் முடியவில்லை. அக்காலத் தொட்டிகள் பற்றவைக்கப்பட்டவை அல்ல. தகடுகளில் துளையிட்டு ரிவெட் ஆணிகளால் பிணைக்கப்பட்டவை. துளை போட்ட இடத்தில் எஃகு இல்லை அல்லவா? இணைப்பில் தகட்டின் வலிமை நான்கில் மூன்று பங்கு எஞ்சியது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அங்கே தகைவு 2,250 ஆகிவிடும். அந்நாளில் கட்டட எஃகுக்குப் பொறியாளர்கள் வழக்கமாக அனுமதித்தது சதுர அங்குலத்துக்கு 16,000 பவுண்டு. நம் அளவில் சுமார் 1,125 கிலோகிராம். அனுமதித்ததைப்போல் இரண்டு மடங்கு! விசாரணையில் எம்.ஐ.டி. பேராசிரியர் சார்லஸ் ஸ்பாஃபர்ட் தகடுகள் போதாதவை என்று சாட்சியம் சொன்னதில் வியப்பில்லை.

இனி அந்தச் சோதனைக்கு வருவோம். ஆறு அங்குலம் என்பது 15 செ.மீ. தொட்டியின் உயரம் 15 மீட்டர். நூற்றில் ஒரு பங்கு! அடித்தட்டின் இணைப்புகள் ஒழுகுகின்றனவா என்பதை மட்டுமே அது காட்டும். சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சரி, முழுவதும் நிரப்பியிருந்தால்? தண்ணீர் பாகைவிட இலேசானது. 15 மீட்டர் தண்ணீர் கொடுக்கும் தகைவு தகட்டில் சுமார் 1,200, ஆணி வரிசையில் 1,600 கிலோகிராம் தான். பாகு தரும் சுமையில் பத்தில் ஏழு பங்கு. தொட்டி அதைத் தாங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஏனெனில் விபத்துக்கு முன் மூன்று ஆண்டுகளில் அத்தொட்டி பலமுறை பாகால் ஏறத்தாழ விளிம்புவரை நிரப்பப்பட்டு, ஒழுகிக்கொண்டே நின்றிருக்கிறது. ஆகவே "தண்ணீர் நிரப்பியிருந்தால் அன்றே உடைந்திருக்கும்" என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒழுகியிருக்கும் என்று சொல்லலாம். ஆனால் அந்த விடையைத்தான் தொட்டி மூன்று ஆண்டுகளாகத் தானாகவே சொல்லிக்கொண்டிருந்ததே! கேட்டவர்கள் வண்ணம் பூசினார்கள்.

பலமுறை தாங்கிய தொட்டி அந்த ஜனவரியில் மட்டும் ஏன் தாங்கவில்லை? இதற்கு 2003இல் நல்ல விடை இல்லை. ஆகவே புலியோவைக் குறை கூற முடியாது. 2014இல் ரொனால்ட் மேவில் என்ற பொறியாளர் பழைய ஆவணங்களை மறுபடி ஆராய்ந்து, தகட்டின் எஃகில் மாங்கனீசு குறைவு என்பதைச் சுட்டிக்காட்டினார். 'டைட்டானிக்' கப்பலின் எஃகும் இந்த வகைதான். அத்தகைய எஃகு ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்குக் கீழே நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். விபத்து நடந்த நண்பகலில் வெப்பநிலை 4 பாகை அளவில் இருந்தது.

நொறுங்கும் தன்மை என்றால் என்ன? துணிக்கடையில் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறு வெட்டு ஒன்று போடுவார். பிறகு இரு கையாலும் பிடித்து இழுத்தால் 'டர்' என்று நேர்கோட்டில் கிழிந்து போகும். வெட்டுப் போடாமல் இழுத்தால் எவ்வளவு பலசாலியாலும் கிழிக்க முடியாது. இழுவிசை முழுவதும் வெட்டின் கூர்முனையில் குவிவதே காரணம். நல்ல எஃகில் அந்த முனை சற்று நெகிழ்ந்து, மழுங்கி, கிழிசலைத் தடுத்து நிறுத்தும். குளிரில் நொறுங்கும் எஃகுக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. பாஸ்டனில் ஆணித் துளைகள் ஒவ்வொன்றும் ஒரு வெட்டு. நிரப்புவதும் இறைப்புவதுமாக மூன்று ஆண்டுகள் நடந்ததில் துளையோர விரிசல்கள் வளர்ந்திருக்க வேண்டும். கீழ்த்தகட்டில் ஆள் நுழையும் வாய் அருகே பிளவு தொடங்கியதாகக் கருதப்படுகிறது.

ஆகவே ஜெல் நல்லவராக, பொறியியல் கற்றவராக இருந்து, அக்கால முறைப்படி எல்லாம் செய்திருந்தால்? தகடு தடிப்பாக இருந்திருக்கும், தகைவு பாதியாகியிருக்கும், மிகப்பெரும்பாலும் 21 உயிர்களும் தப்பியிருக்கும். ஆனால் எஃகு அதே எஃகாகத்தான் இருந்திருக்கும். அதைச் சோதிக்க வேண்டும் என்பது அன்று எவருக்கும் தெரியாது. ஒரு மனிதரைக் கெட்டவராக்கி முடிக்கும் கதையில் இந்தப் பகுதிக்கு இடமில்லாமல் போய்விடுகிறது.

பற்றவைப்பு வந்த பின்

விபத்துக்குப் பின் பாஸ்டனில் கட்டுமான வரைபடங்களுடன் பொறியாளரின் கணக்கும் கையொப்பமும் வேண்டும் என்று விதி வந்தது. (அதற்கு முன் அத்தொட்டி நகராட்சியின் பார்வையில் கட்டடமே அன்று, வெறும் கொள்கலன், அடித்தளத்துக்கு மட்டுமே அனுமதி பெற்றிருந்தார்கள்.) புலியோ இதை நல்ல முடிவாகக் காட்டுகிறார். நல்லதுதான். அதன் பின்னர் என்ன ஆயிற்று என்பதையும் பார்த்தால்தான் அந்த நல்ல முடிவின் எல்லை நமக்குத் தெரியும்.

ரிவெட் ஆணிகள் மறைந்து மின்வில் பற்றவைப்பு வந்தது. துளை இல்லை, மேற்பொருத்து இல்லை, ஒழுக்கு இல்லை. நன்கு செய்த இணைப்பு தகட்டைப் போலவே வலிமை உடையது. தொட்டி கட்டுவோருக்கு இது பெரும் வரம். ஆனால் வரத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. ஆணியடித்த சுவரில் ஒரு தகட்டில் ஓடும் விரிசல் அதன் விளிம்புக்கு வந்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். அடுத்தது வேறு தகடு. பற்றவைத்த சுவரோ முழுவதும் ஒரே தகடு. விரிசல் அடியில் கிளம்பினால் முடிவரை ஓடலாம். வழியில் தடுப்பார் இல்லை.

1943 ஜனவரி 16ஆம் நாள் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் துறைமுகத்தில், துறையில் கட்டி நிறுத்தியிருந்த 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் நடுவில் பிளந்தபோது உலகம் இதைக் கற்றது. பழி முதலில் பற்றவைப்பாளர்கள் மேல் விழுந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மையார் அக்காலக் கப்பல் உடைப்புகளை ஆராய்ந்து, குற்றம் முதன்மையாக எஃகினுடையது, குளிரில் அது நொறுங்குகிறது என்று நிறுவினார். அதுமுதல் குளிர்நாட்டுத் தொட்டிகளுக்கு எஃகு தேர்ந்தெடுக்கும்போது, வெட்டு இட்ட சிறு துண்டுகளைக் குளிர்வித்து ஊசல் சம்மட்டியால் அடித்து உடைத்துப் பார்க்கும் சார்ப்பி சோதனை நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் உருட்டப்பட்ட தகடுகள் எங்கெல்லாம் நின்றுகொண்டிருந்தனவோ, அங்கெல்லாம் பழைய எஃகும் நின்றுகொண்டிருந்தது.

அப்படி ஒன்று கிளீவ்லாண்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ஒரு தொட்டி. விட்டம் 36.6 மீட்டர், உயரம் 14.6 மீட்டர். ஆஷ்லாண்ட் எண்ணெய்க் கம்பெனி அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பிரித்து, பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே ஃப்ளோரெஃப் என்ற ஊரில் மொனாங்கஹீலா ஆற்றங்கரையில் 1986இல் மறுபடி பற்றவைத்து எழுப்பியது. 1988 ஜனவரி 2ஆம் நாள் மாலை. உறைநிலையை ஒட்டிய குளிர். மறுபடி எழுப்பிய பின் முதன்முறையாக அதை டீசல் எண்ணெயால் மேல்வரை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சுவர் அடிமுதல் முடிவரை ஒரே கோடாகப் பிளந்தது. 1 கோடியே 47 இலட்சம் லிட்டர் எண்ணெய் ஒரே மூச்சில் வெளியேறிற்று. சுற்றிலும் கட்டியிருந்த கரையைத் தாண்டி, மழைநீர்க் கால்வாய் வழியாக, ஏறத்தாழ 28 இலட்சம் லிட்டர் ஆற்றில் கலந்தது. ஓஹையோ ஆற்றுவரை குடிநீர் எடுக்கும் நிலையங்கள் மூடப்பட்டன. மூன்று மாநிலங்களில் சுமார் பத்து இலட்சம் மக்களின் குடிநீர் பாதிக்கப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

அமெரிக்க தேசியத் தரநிலைப் பணியகம் உடைந்த தகடுகளை ஆராய்ந்தது. இங்கே தகடு மெல்லியது அன்று, கணக்கும் தவறன்று. கீழ்வளையத் தகட்டில், பற்றவைப்புக்கு அருகே, சிறு நாணயம் அளவேயான ஒரு பழுது. மறுபடி எழுப்புவதற்கு முன்பே இருந்தது அது. பற்றவைப்பின் வெப்பத்தால் அந்தப் பழுதைச் சுற்றியிருந்த பழைய எஃகு இன்னும் நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டது. துணியில் வெட்டு ஆயத்தமாக இருந்தது, எஃகு குளிர்ந்திருந்தது, இழுப்பதற்கு எண்ணெய் வந்தது.

சோதனை? முழுவதும் தண்ணீர் நிரப்பவில்லை. ஐந்து அடி தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். 48 அடி உயரத் தொட்டியில் ஐந்து அடி. பாஸ்டனில் நூற்றில் ஒன்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து ஃப்ளோரெஃபில் பத்தில் ஒன்று. இந்த வேகத்தில் போனால் முழுச் சோதனைக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்டனில் தண்ணீர்ச் சோதனை அரைகுறையான துணைதான் என்று பார்த்தோம். பாகு தண்ணீரைவிடக் கனமானது. டீசல் அப்படியன்று. அதன் அடர்த்தி தண்ணீரில் 0.85 பங்கு. எனவே டீசல் தொட்டியைத் தண்ணீரால் முழுவதும் நிரப்பினால் அது வாழ்நாளில் காணப்போகும் சுமையைப்போல் ஏறக்குறைய 1.18 மடங்கு சுமையை அன்றே கண்டுவிடும். பெட்ரோலியத் தொட்டிகளுக்குத் தண்ணீர்ச் சோதனை மிகப் பொருந்துவது இதனால்தான். அடித்தளம் அமிழ்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். குளிரில் அச்சோதனையைச் செய்திருந்தால் ஃப்ளோரெஃப் தொட்டி தண்ணீரோடு உடைந்திருக்கக்கூடும். ஆற்றில் தண்ணீர் கலந்திருக்கும், அவ்வளவே. "கோடையில் செய்திருந்தால் தேறியிருக்குமே?" என்று நீங்கள் கேட்கலாம். தேறியிருக்கலாம். அப்போதும் இலாபம் உண்டு. நெகிழ்ச்சியுள்ள வெப்பநிலையில் அதிகச் சுமை ஏற்றும்போது விரிசலின் கூர்முனை சற்று மழுங்கிவிடுகிறது. பின்னர் குளிர்காலத்தில் அதைவிடக் குறைந்த சுமைக்கு அது எளிதில் கிளம்புவதில்லை.

செலவு இல்லாத காரியம் அன்று இது. ஒன்றரைக் கோடி லிட்டர் தண்ணீர் எங்கிருந்தாவது வர வேண்டும், நாட்கணக்கில் நிரம்ப வேண்டும், பிறகு துருவும் எண்ணெய்க் கசடும் கலந்த அந்த நீரைத் தூய்மை செய்து வெளியேற்ற வேண்டும். பொருளாளர்கள் தயங்குவது புரிகிறது.

நல்லவரின் கதை

ஃப்ளோரெஃப் நிகழ்ச்சியும் கதையாக்கப்பட்டிருக்கிறது, வேறொரு வகையில். ஆஷ்லாண்ட் கம்பெனியின் தலைவர் ஜான் ஹால் விபத்து நடந்த சில நாட்களில் பிட்ஸ்பர்க் வந்து, தொட்டிக்கு நாற்பது ஆண்டுப் பழைய எஃகைப் பயன்படுத்தியதையும், உரிய அனுமதி முறையாகப் பெறாததையும், முழுச் சோதனை செய்யாததையும் செய்தியாளர்கள் முன் தாமே ஒளிவுமறைவின்றிச் சொன்னார். இது அரிய செயல். ஹார்வர்டு வணிகப் பள்ளி அதைப் பாடமாக எழுதியது. நெருக்கடியில் ஒரு தலைவர் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு எடுத்துக்காட்டாக நிர்வாகவியல் வகுப்புகளில் அது பயிலப்படுகிறது.

பாஸ்டன் கதையில் தீயவர் ஒருவர். ஃப்ளோரெஃப் கதையில் நல்லவர் ஒருவர். இரண்டிலும் நம் கண் மனிதர் மேலேயே நிற்கிறது. ஜெல்லை வெறுக்கும் வாசகர், நல்ல மனிதர்கள் நடத்தும் கம்பெனியில் இது நடக்காது என்று எண்ணிக்கொள்வார். ஹாலைப் போற்றும் மாணவர், நடந்த பின் ஒப்புக்கொள்வது எப்படி என்று கற்றுக்கொள்வார். தகட்டின் ஓரத்திலிருந்த நாணய அளவுப் பழுதை யார், எந்த நாளில், எந்தக் கருவியால் பார்த்திருக்க முடியும் என்பதை இருவரில் எவரும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. நிர்வாகப் பாடத்தில் இது இல்லாமல் போவது இயல்பு என்று வாதிடலாம். பொறியியல் கல்லூரி விரிவுரைகளிலும் பாஸ்டன் விபத்து முதல் ஐந்து நிமிடச் சுவைச் செய்தியாகவே நின்றுவிடுவதை எப்படி நியாயப்படுத்துவது?

இத்தனைக்கும் அந்தத் தொழிலில் கதைக்குச் சுவையான செய்திகளுக்குப் பஞ்சமில்லை. ஓர் எடுத்துக்காட்டு: கூம்புக் கூரையுள்ள எண்ணெய்த் தொட்டிகள் பலவற்றில் கூரையையும் சுவரையும் சேர்க்கும் பற்றவைப்பை வேண்டுமென்றே வலுக்குறைவாகச் செய்வார்கள். உள்ளே ஆவி வெடித்தால் கூரை மட்டும் பிய்த்துக்கொண்டு போக வேண்டும். அடி இணைப்பு பிரிந்து எண்ணெய் முழுவதும் கொட்டிவிடக் கூடாது. வலுவாக ஒட்டுவதைப் போலவே, எங்கே வலுவில்லாமல் ஒட்டுவது என்பதும் பற்றவைப்பாளர் அறிய வேண்டிய கலை. செங்குத்து இணைப்புகளே வளையத் தகைவை முழுதும் தாங்குகின்றன. ஆகவே ஒரு வரிசையின் செங்குத்து இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேர்மேலே வராதபடி செங்கல் சுவரைப்போல் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். அடுத்தமுறை கட்டுமானத்தில் உள்ள தொட்டி ஒன்றைக் கண்டால் நின்று கவனியுங்கள்.

ஃப்ளோரெஃப் விபத்துக்குப் பின் விதிகள் மாறின என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1989இல் பென்சில்வேனியா மாநிலம் சேமிப்புத் தொட்டிகளுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 650ஆம் எண் தரநிலை புதிய தொட்டிகளுக்கு உரியது. பழைய தொட்டிகளை ஆய்வதற்கும், பழுது பார்ப்பதற்கும், பிரித்துக் கட்டுவதற்கும் 653ஆம் எண் தரநிலையை அக்கழகம் 1991இல் வெளியிட்டது. பிரித்து மறுபடி எழுப்பிய தொட்டியைத் தண்ணீரால் முழுவதும் நிரப்பி 24 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது அது. பழுது பார்த்த தொட்டிகளுக்கு மட்டும் எஃகின் வகை, தடிப்பு, வெப்பநிலை, தகைவு ஆகியவற்றைப் பொறுத்துச் சில விலக்குகள் உண்டு. அந்த விலக்குப் பட்டியலை எழுதியவர்கள் ஃப்ளோரெஃப் தகட்டை நினைவில் வைத்தே எழுதியிருக்கிறார்கள் என்பது படித்தாலே தெரியும். விறுவிறுப்பான நடையில் இல்லை. ஆனால் அதில் தொட்டி இருக்கிறது.

'டார்க் டைட்' நூலைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விசாரணை அத்தியாயங்களுக்காகவே அதைத் தேடிப் படிக்கலாம். யாரேனும் தமிழில் கொண்டுவந்தால் மகிழ்வேன். அப்படிச் செய்பவர் இறுதியில் ஒரு பக்கம் கூட்டி, மேலே நாம் போட்ட கணக்கை அச்சிட்டால் போதும். அதற்கு வேண்டிய எண்கள் நான்கு: தொட்டியின் உயரம், விட்டம், உள்ளே இருப்பதன் அடர்த்தி, அடித்தகட்டின் தடிப்பு. ஐந்தாவதாக அன்றைய வெப்பநிலையையும் சேர்த்துக்கொள்ளலாம்.